வடசேரிக் கல்நகை

நாகர்கோவிலின் கோட்டாறு சவேரியார் கோயிலில் டிசம்பர் 3ஆம் தேதித் திருநாள் கும்பிட வருகிறவர்களில் பலர், திரும்பும்போது அதே ஊரின் வடசேரியில் பஸ் ஏறுவார்கள். போர்த்துகல் மன்னரின் ஆதரவோடு வந்து, 1544இல் இந்தப் பக்கத்துக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த பாதிரியார் சவேரியாரை அவர்களுக்குத் தெரியும். வடசேரி அவர்களுக்கு வெறும் பஸ் நிலையம். நாட்டியக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று மேடையில் மின்னும் சிவப்புக்கல் நகைகளுக்குப் பேர்போன இடம் இது. 'நாகர்கோவில் கோயில் நகை' என்ற பெயரில் 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பார்வைக்குத் தங்கம், உடம்போ வெள்ளி. வெள்ளித் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளிப் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்துச் சிறு அறைகள் அமைக்கிறார்கள். அறைக்குள் அரக்கு. லேசான சூட்டில் அது இளகும்போது கல்லைப் பதித்தால், ஆறியதும் கல் அசையாது. அடுத்ததுதான் வித்தை: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள விளிம்புகளில் தங்க இலையை வைத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மை. ஒரு கிராமை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்கு அடித்து விரிக்கலாம். காற்றில் அதன் மேல் துரு படியாததால், அடுக்கடுக்காக அழுத்தினாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெருப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். செம்பு கலந்த ஆபரணத் தங்கத்திடம் இந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது.

முதலில் இவை சாமிக்கும், கோயிலில் ஆடிய தேவதாசிகளுக்கும் செய்யப்பட்டவை. அப்போது இந்த ஊர் இருந்த திருவிதாங்கூரில் தேவதாசி முறை 1930இல் ஒழிந்தது. தொழிலும் அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் 1936இல் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா என்ற நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். பரதநாட்டியம் சபா மேடைகளில் பரவியது. அரங்கேற்றம் செய்யும் வீட்டுப் பெண்கள் நகை தேடத் தொடங்கினார்கள். கோயிலை விட மேடைதான் இந்தப் பட்டறைகளைக் காப்பாற்றியது என்பேன்.

இப்போதைய போட்டி, அச்சில் வார்த்து முலாம் பூசிய மலிவு நகையோடு. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் வம்பு. வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்தில் மயங்காமல் நகையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியா என்று கேளுங்கள். வாங்கிய பின் வெந்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், உள்ளே இருப்பது அரக்கு.