அறியாத பாட்டனாரும் மரபணுச் சோதனையும்

பீன்யாத் தொழிற்பேட்டையில் லேத்துகளின் ஓசை ஓய்ந்திருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். சென்ற திங்கள் அத்தகைய ஞாயிறு ஒன்றில் நம் சங்க அன்பர் ஒருவரின் மகளார் நம்மைக் காண வந்தார். அவர் கையில் தம் தந்தையாரின் பழைய பள்ளிச் சான்றிதழ் இருந்தது. அதில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் தாயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தலைப்பெழுத்தும் தாயின் பெயருக்குரியதே.

"ஐயா, என் பாட்டி கோலார் தங்கவயலில் இருந்தவர். அப்பா வயிற்றில் இருக்கும்பொழுதே ஊர் திரும்பிவிட்டார். பாட்டனார் இன்னாரென்று இறுதிவரையில் அவர் வாய்திறக்கவில்லை. இப்பொழுது உமிழ்நீரைக் கொண்டே உறவினரைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?" என்று வினவினார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. தங்கவயலுக்கும், இலங்கைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் பிழைக்கச் சென்று, சுவடின்றிக் கலைந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதலின் அவருக்குக் கூறியவற்றை நேயர்கள் அனைவருக்கும் இங்கே கூறுகின்றோம்.

மனித உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. எனவே நம் மரபுப்பொருளில், அதாவது டி.என்.ஏ.யில், சரிபாதி தந்தையுடையது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பாட்டனாருடையது. அவரை நாம் கண்ணால் காணாவிடினும் அப்பங்கு நம் உடலிலே இருக்கின்றது. இவற்றுள் ஒய் என்னும் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆகவே அம்மையாரிடம் அது இல்லை; அவருடைய தந்தையாரிடமும் உடன்பிறந்த ஆண்களிடமும் உண்டு. தேடப்படுபவர் தாயைப் பெற்ற பாட்டனாராயின், பேரனுடைய ஒய் குரோமோசோம் அங்கே பயன்படாது. ஏனைய குரோமோசோம்களையே நம்ப வேண்டும்.

மறைந்துபோன ஒருவரை அவர் வழிவந்தோரைக் கொண்டு அறிய முடியுமா? முடியும் என்பது நெடுநாளைக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மரபணு ரேகை முறையை 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். மறு ஆண்டே, கானா நாட்டிலிருந்து தாயிடம் திரும்பிய சிறுவன் ஒருவனின் வழக்கு அவரிடம் வந்தது. தந்தையின் இரத்தம் கிடைக்கவில்லை. உடன்பிறந்தோரின் டி.என்.ஏ.யிலிருந்து தந்தையின் கூறுகளைப் பிரித்தறிந்து, சிறுவன் அக்குடும்பத்தவனே என்று அவர் நிறுவினார். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட குழந்தைகளை அவர்தம் பாட்டிமார் தேடினர். பெற்றோர் மறைந்துவிட்டமையால், பாட்டன் பாட்டியரின் இரத்தத்தைக் கொண்டே உறவை நிறுவும் முறையை மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்துத் தந்தார். இதுவரை 130-க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளனர்.

ஆயினும், சோதனை ஒரு பெயரை எழுதித் தந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் உறவு தெரியும். பாட்டனாருக்கு வேறு மக்கள் இருந்து, அவருள் ஒருவர் சோதனை செய்துகொண்டிருப்பாராயின், நம் அம்மையாரின் தந்தையாரோடு அவருக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு பொருத்தம் இருக்கும், அம்மையாரோடு 12.5 விழுக்காடே இருக்கும். தலைமுறை இறங்க இறங்கச் சான்று பாதியாகக் குறைகின்றது. ஆதலால் வீட்டில் மூத்தவரையே முதலில் சோதிக்க வேண்டும்.

நம்மவர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மில் பலர்க்கு வழக்கம். ஒரே வகுப்புக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்துள்ளோம். இதனால் தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர்போல் கணக்கில் தோன்றுவர். மேல்நாட்டாருக்கென வகுத்த கணக்கை அப்படியே நம்பி, "இவரே என் சிற்றப்பன்" என்று ஓடிவிடலாகாது.

நம் ஊருக்கு அண்மையிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. 2024-இல் அப்பணி முடிந்தது. ஆனால் அது ஆராய்ச்சிக்கென அமைந்தது. உறவினரைத் தேடித் தருவதன்று. உறவு தேடும் நிறுவனங்களின் பட்டியல்களில் மேல்நாட்டாரே மிகுதி.

எச்சரிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் டுவென்ட்டி திரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடிப்பு மனுவும் கொடுத்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற இயலுமோ? மேலும், ஒருவர் தரும் உமிழ்நீர் அவர் உடன்பிறந்தாரின் இரகசியத்தையும் சேர்த்தே தருகின்றது. ஆதலின் வீட்டாரைக் கலந்துகொள்ளாமல் இதில் இறங்குதல் தகாது.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். பாட்டியைக் குறைகூறுவதாக எண்ணிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன், ஐயா," என்றார். அச்சம் நியாயமானதே. ஆனால் காலம் மாறியுள்ளது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிட வேண்டுவதில்லை என்று 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகளை எடுத்ததற்கெல்லாம் டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று 2023-இல் அதே மன்றம் கூறிற்று. தனித்து நின்று பிள்ளையை வளர்த்த தாய்க்கு இன்று சட்டத்தின்முன் தலைகுனிவு இல்லை. நம் மனங்களிலும் அது இல்லாதிருத்தல் வேண்டும்.

அடுத்த ஞாயிறு தந்தையாரே மகளுடன் வந்தார். எழுபது கடந்தவர், வாழ்நாள் முழுதும் பட்டறையில் உழைத்த கை. "சோதனைக்கு உடன்படுகிறேன். என் தாய் மறைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை எவரும் இழிவாகப் பேசலாகாது. அக்குடும்பம் கிடைத்தாலும் அவர்கள் வாசலில் போய் நின்று எதையும் கேட்கமாட்டேன். முதலில் ஒரு கடிதம். விருப்பமிருந்தால் அவர்கள் மறுமொழி எழுதட்டும். என் தலைப்பெழுத்தையும் மாற்றிக்கொள்ளேன், அது என்னை வளர்த்தவளுடையது," என்றார். மகளார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சோதனைக்கு முன்னர்ச் செய்ய வேண்டுவதையும் அவர்களிடம் கூறினோம். பாட்டியார் எந்தச் சுரங்கத்தின் அருகே, எந்த வரிசை வீட்டில், எவ்வாண்டுகளில் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறப்புப் பதிவு, பள்ளிப் பதிவு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு ஆகியவற்றைத் தேட வேண்டும். காகிதம் வட்டத்தைச் சுருக்கினால்தான் மரபணு அதனுள் ஆளைக் காட்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அங்கே உழைத்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நேயர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய மூத்தவர் ஒருவர் இருப்பாராயின், இன்றிரவே அருகமர்ந்து அவர் நினைவில் உள்ள பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உமிழ்நீரை எடுத்துவைக்கக் குப்பி உண்டு. நினைவை எடுத்துவைக்க நம் கையெழுத்தன்றி வேறொன்றும் இல்லை.