புதுப் பெட்டி, பழைய புரோகிராம்

ரைன் கரையிலிருந்து – 17

1980-ம் ஆண்டு கோடையில் சுவிட்சர்லாந்து அக்கம்பக்கத்து நாடுகளைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி நின்றது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டன. இங்கேயோ விவசாயிகள் கையெழுத்து திரட்டி, 1978-ல் நடந்த வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தோற்கடித்திருந்தார்கள். பால் கறக்கும் நேரம் தடுமாறிவிடும் என்பது அவர்கள் கவலை. நான் வசிக்கும் கூர் நகரில் செந்நிற ரேட்டியன் ரயிலேறி, மலைகளைத் தாண்டி இத்தாலியின் திரானோவில் இறங்கியவர்கள் அந்தக் கோடை முழுக்கக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே வருடத்தில் சுவிஸ் அரசு பணிந்தது. 1981 முதல் இங்கும் கோடை நேரம்.

மாடுகள் பழகிக்கொண்டன. வங்கிகளின் கணினி அறைகளில் இருந்த பெரிய இயந்திரங்களுக்குத்தான் அது தீராத தலைவலி ஆனது.

கோடை நேரம் முடியும் இரவில், இரண்டு மணி முதல் மூன்று மணி வரையிலான பொழுது இரண்டு முறை வரும். 2.40-க்குப் பணம் போட்டதாகவும் 2.20-க்கு எடுத்ததாகவும் ஒரு கணக்கில் பதிவாகியிருந்தால் எது முந்தியது? மெயின்ஃப்ரேம் என்கிற இந்தப் பெரிய இயந்திரங்களை வைத்திருந்த பல இடங்களில் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு படு எளிமையானது. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காபி குடிப்பது. இன்று இயந்திரத்தின் உள்கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; அது பின்னே போவதே கிடையாது. ஆனாலும் உள்ளூர் நேரத்தையே பதிவில் எழுதும் பழைய புரோகிராம் ஒன்றிரண்டு எங்காவது ஒளிந்திருக்கும். அதனால் அக்டோபர் கடைசி ஞாயிறு விடியலில் இன்றும் சிலர் விழித்திருக்கிறார்கள்.

அப்படி விழித்திருப்பவர்களில் ஒருவர் கூரில் என் தெருவிலேயே குடியிருக்கிறார். மயிலாடுதுறைக்காரர். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, ஜூரிக் பக்கம் அனுப்பப்பட்டு, வாடகைக்கும் மலைக்கும் ஆசைப்பட்டு இங்கே குடிவந்தவர். பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எழுதக் கூடாது என்பது அவர் நிபந்தனை. தொழில், சிஸ்டம் புரோகிராமர். ஊரில் உள்ள ஈழத் தமிழ்ப் பெரியவர்களுக்கு அவர் ‘கம்ப்யூட்டர் தம்பி’. “தம்பி, என்ர போன் சரியா இழுபடுது, ஒருக்காப் பாத்துத் தாங்கோ” என்று யாராவது நீட்டுவார்கள். “அண்ணா, எனக்கு அந்த வேலை தெரியாதுண்ணா” என்பார் இவர். யாரும் நம்புவதில்லை.

வங்கியின் புரோகிராம்களை இவர் எழுதுவதில்லை. அவை ஓடுவதற்கான தரையைப் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. இசட்/ஓஎஸ் என்கிற இயங்குதளம், யார் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் ராக்எஃப், இரவு முழுக்க வரிசைகட்டி ஓடும் பேட்ச் வேலைகள், வட்டுகள், கேபிள்கள், உரிமக் கட்டணங்கள் எல்லாம் இவர் கணக்கில் வரும்.

புதிய இயந்திரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் அவரிடம் கேட்டேன். ஐபிஎம் 2025 ஏப்ரலில் இசட்17 என்ற மெயின்ஃப்ரேமை அறிவித்து, ஜூன் 18 முதல் விற்கத் தொடங்கியது. அதன் மூளை டெலம்-2 என்ற சில்லு: எட்டு கோர்கள், 5.5 கிகாஹெர்ட்ஸ் வேகம், 5 நானோமீட்டர் நுட்பத்தில் சாம்சங் தயாரிப்பு. முழு அளவில் வாங்கினால் 208 கோர்கள், 64 டெராபைட் நினைவகம். சில்லுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கார்டைத் தேய்த்தது உரியவர்தானா, திருடனா என்ற சந்தேகத்தை, பரிவர்த்தனை முடியும் முன்பே அங்கேயே அலசிவிடலாம். விளம்பரங்களில் இதற்குத்தான் பெரிய எழுத்து.

நண்பர் இதையெல்லாம் கேட்டு மரியாதைக்குத் தலையாட்டினார். “சார், புதுப் பெட்டி வந்தா நான் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். பழசு ஓடுமா?”

ஓடும். 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது ஐபிஎம் கொடுத்த வாக்கு, ஒரு மாடலுக்கு எழுதிய புரோகிராம் வரிசையின் மற்ற மாடல்களிலும் ஓட வேண்டும் என்பது. அந்த வாக்கு தலைமுறை தலைமுறையாக நீண்டுகொண்டே போனது. அறுபதுகளில் தொகுத்த ஒரு கோபால் மொழிப் புரோகிராமை, மூல நிரல் தொலைந்துபோயிருந்தாலும்கூட, இன்றைய இயந்திரத்தில் ஓட்டிவிட முடிகிறது. கைப்பேசிச் செயலியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூக்கிப்போடும் நமக்கு இது நம்பக் கடினமான சமாச்சாரம்.

ஆனால் ‘ஓடும்’ என்ற அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற மனிதர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. புதுப் பெட்டி பழையதன் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்கு முன்பே பல மாத வேலை காகிதத்தில் நடந்திருக்கும். பெட்டிக்குள் தனித்தனிக் கணினிபோல் இயங்கும் பிரிவுகளில் எது எந்த வழியாக எந்த வட்டைப் பார்க்க வேண்டும் என்ற வரைபடத்தை எச்சிடி என்ற கருவியில் வரைய வேண்டும். அதில் ஒரு எண் பிசகினால், கண்ணெதிரே இருக்கும் வட்டு இயந்திரத்துக்கு இல்லாமல் போய்விடும். முதலில் சோதனைப் பிரிவு புதுப் பெட்டிக்குப் போகும். சில வாரம் கழித்து நிரல் எழுதுபவர்களின் பிரிவு. வாடிக்கையாளர் கணக்குகள் ஓடும் பிரிவுகளுக்குக் கடைசி இடம், அதுவும் ஒரு ஞாயிறு விடியலில்.

அந்த ஞாயிற்றிலும் வங்கி மூடுவதில்லை. பல இசட்/ஓஎஸ் அமைப்புகள் ஒரே தரவைப் பகிர்ந்துகொண்டு ஓடும் ஏற்பாட்டுக்குப் பேரலல் சிஸ்ப்ளெக்ஸ் என்று பெயர். ஒன்றை இறக்கினால் மற்றவை சுமையை ஏற்கும். இறக்கியதைப் புதுப் பெட்டியில் ஐபிஎல் செய்து கூட்டத்தில் சேர்த்துவிட்டு, அடுத்ததை இறக்குவார்கள். (இயங்குதளத்தைக் கிளப்புவதற்கு இவர்கள் உலகில் ஐபிஎல் என்றுதான் பெயர். ‘ஞாயிற்றுக்கிழமை ஐபிஎல் இருக்கு’ என்று இவர் சொன்னதைக் கிரிக்கெட் என்று நினைத்து அவர் மனைவி முதல் வருடம் கோபித்துக்கொண்டாராம்.) நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றி, பூசை ஒரு காலமும் தவறாமல் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? அதே ஒழுங்குதான் இங்கேயும்.

வன்பொருளும் இதற்குத் துணை வருகிறது. 2019-ல் வந்த இசட்15 முதல், ஐபிஎல் ஆன பிறகு அறுபது நிமிடங்களுக்குக் கூடுதல் வேகத்தை இயந்திரமே தரும். தேங்கிக் கிடந்த வேலையை அதற்குள் முடித்துக்கொள்ளலாம். கிகாஹெர்ட்ஸைவிட இந்த அறுபது நிமிடம் பெரிய வரம் என்கிறார் நண்பர்.

மென்பொருள் திருத்தங்களுக்கும் இதே நிதானம். எஸ்எம்பி/இ என்ற கருவியில் முதலில் வாங்குவது, பிறகு ஒட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து சோதிப்பது, பிறகுதான் உண்மையில் ஒட்டுவது, வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பின்பே நிரந்தரமாக ஏற்பது. ஓடிக்கொண்டிருக்கும் வட்டைத் தொடவே மாட்டார்கள். நகல் வட்டில் மாற்றத்தைச் செய்து, அதிலிருந்து ஐபிஎல் செய்வார்கள். ஏதாவது முரண்டு பிடித்தால் பழைய வட்டு அப்படியே காத்திருக்கும். திரும்பி வரும் வழி எழுதப்படாத மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் டிசம்பரில் எந்த மாற்றத்துக்கும் அனுமதி கிடைக்காது.

ஆனால் மூச்சுவிடும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து சுவிஸ் வங்கிகளுக்கிடையே உடனடிப் பணப் பரிமாற்றம் வந்துவிட்டது. நள்ளிரவோ ஞாயிறோ, சில விநாடிகளில் பணம் போய்ச்சேர வேண்டும். நம் ஊரில் 2016-லேயே யுபிஐ வந்துவிட்டதை நான் பெருமையாகச் சொன்னேன். “அதுக்குப் பின்னாடியும் எங்கள மாதிரி யாராவது தூங்காம இருக்காங்க சார்” என்றார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெயின்ஃப்ரேமில் பெட்டியின் விலை ஒரு பங்குதான். மென்பொருள் வாடகை தனி. நெடுங்காலப் பழக்கத்தில் உள்ள கணக்குமுறை, நான்கு மணி நேர நகரும் சராசரியில் மாதத்தின் உச்சம் எவ்வளவு என்று பார்த்துக் கட்டணம் போடுவது. மாதக் கடைசியில் யாரோ ஒருவர் யோசிக்காமல் ஓட்டிய கனமான பேட்ச், முழு மாதத்துக் கட்டணத்தையும் தூக்கிவிடும். அதனால் சிஸ்டம் புரோகிராமர் பாதிக் கணக்குப்பிள்ளையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கும் நமக்கும் உறவு பழையது. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. துளை அட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு அந்தக் கணினி மையத்தில் வரிசையில் நின்ற தலைமுறை பிறகு உலகெங்கும் பரவியது. 1978-ல் ஐபிஎம்மே இந்தியாவைவிட்டு வெளியேறியபோதும், கற்றுக்கொண்டவர்கள் கையில் வித்தை இருந்தது. 1989-ல் சுவிஸ் பங்குப் பத்திரங்களை மின்னணு முறையில் வைத்துப் பராமரிக்கும் செகாம் அமைப்பை எழுதிக் கொடுத்தது டிசிஎஸ். அதுவரை இந்திய நிறுவனம் எதுவும் தொட்டிராத சிக்கலான வேலை அது. 2018 ஈஸ்டர் விடுமுறையில் சுவிஸ் அஞ்சல்துறையின் போஸ்ட்ஃபைனான்ஸ் தன் மைய வங்கி மென்பொருளையே டிசிஎஸ்ஸின் பான்க்ஸுக்கு மாற்றியது. கூர் அஞ்சலகத்தில் பணம் கட்டும் பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஜூரிக்கில் காலை எட்டு மணி என்றால் சென்னையில் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. இந்த இடைவெளிதான் சிறுசேரியிலும் தரமணியிலும் பல இரவுப் பணிகளின் அடிப்படை. ஆனால் எல்லா வேலையையும் அங்கே அனுப்ப முடியாது. 1934-ம் ஆண்டின் சுவிஸ் வங்கிச் சட்டத்தில் 47-வது பிரிவு, வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. கணக்கு யாருடையது என்று தெரியக்கூடிய தரவுக்கு அருகே போகும் வேலைகளை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் வங்கிகள் விரும்புகின்றன. மயிலாடுதுறைக்காரர் ஒருவர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீடு எடுத்திருப்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

அவர் ரயிலில் போகும் பாதையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜூரிக் ஏரிக்கரையில் ரூஷ்லிகோன் என்ற சிற்றூர். கூருக்கு வரும் விரைவு ரயில்கள் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் புகுந்துவிடுவதால் ஊர் கண்ணில் படாது. இங்குள்ள ஐபிஎம் ஆய்வகம் 1986, 1987 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இயற்பியல் நோபல் வாங்கியது. குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாதவை என்று எதிர்பார்க்கப்படும் கைபர், டைலித்தியம் என்ற பூட்டுமுறைகளை உருவாக்கியதில் இந்த ஆய்வகத்தாருக்கு முக்கியப் பங்கு உண்டு. 2022-ல் வந்த இசட்16 இயந்திரத்திலேயே அவை ஏறிவிட்டன. அமெரிக்கத் தர நிறுவனம் அவற்றின் அடிப்படையில் 2024 ஆகஸ்டில் தரநிலைகளை வெளியிட்டது. புதுப் பூட்டு வந்தாயிற்று. எந்தெந்தப் பழைய புரோகிராம் எந்தப் பழைய பூட்டைப் பயன்படுத்துகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போடுவது யார்? அதுவும் நம் நண்பர் தலையில்தான்.

மெயின்ஃப்ரேமை டைனோசர் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காக அதன் பக்தனும் இல்லை. ஃபுஜிட்சு 2030-ல் மெயின்ஃப்ரேம் விற்பனையை நிறுத்துகிறது, 2035-ல் பராமரிப்பையும். ஹிட்டாச்சி சொந்த வன்பொருளைக் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. மிஞ்சியது ஏறக்குறைய ஒரே கடை. ஒரே கடையில் வாங்குபவனுக்குப் பேரம் பேசும் வாய் இருக்காது. இங்கே பல மாநில வங்கிகள் அவலோக், ஃபின்னோவா போன்ற ஆயத்த மென்பொருள்களுக்குப் போய், பெரிய இயந்திரங்களுக்கு விடைகொடுத்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது. பெரிய வங்கிகளுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. கிரெடிட் சுவிஸின் கணினி அமைப்புகளைப் பற்றி அதன் தலைமைக் கணினிக் கட்டமைப்பாளர் உள்ளிட்டோர் 2011-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள்; இடித்துக் கட்டாமல் சிறுகச் சிறுக மாற்றுவதே வழி என்பது அவர்கள் வாதம். 2023-ல் அந்த வங்கியே யுபிஎஸ் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு கணக்குகளைத் தவணை தவணையாக இடம் மாற்றவே ஆண்டுக்கணக்கில் வேலை இருந்தது.

இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதைத் தெரிந்தவர்களை அப்படி வாங்க முடியாது. தன் குழுவில் தான்தான் இளையவர் என்கிறார் நண்பர். அவருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது.

ஆகவே, வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு வார்த்தை. மெயின்ஃப்ரேமைத் தொட்டுப் பார்க்கக் கோடி ரூபாய் தேவையில்லை. ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், சாதாரண லேப்டாப்பையோ ராஸ்பெர்ரி பையையோ பழைய ஐபிஎம் இயந்திரம்போல் நடந்துகொள்ள வைக்கும். அதில் ஓடுவது எம்விஎஸ் 3.8ஜெ, இன்றைய இசட்/ஓஎஸ்ஸின் மூதாதை. உடனே ஓட்டும்படி தயாராகக் கட்டி வைத்த டிகே4 என்ற தொகுப்பு, ஜூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியிலிருந்துதான் பல ஆண்டுகள் உலகுக்கு விநியோகமானது. இப்போது அதன் வழியில் டிகே5 வந்திருக்கிறது. இறக்கிக்கொண்டு, ஜேசிஎல் என்ற வேலைக்கட்டளை ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். முதல் முறை பிழை வரும். அந்தப் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தொழிலில் இடம் இருக்கிறது.

(தொடரும்)