மலைப்பாதையும் மிகையூட்டியும்

அவிசாவளையிலிருந்து புறப்படும் பெருஞ்சாலை, இறப்பர்த் தோட்டங்களினூடே தெஹியோவிட்டவை அடைந்து, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை என்னும் ஊர்களைக் கடந்து, கினிகத்தேனை வளைவுகளில் ஏறி, ஹற்றன் வழியே நுவரெலியாவைச் சென்று சேர்கின்றது. தெஹியோவிட்ட கடல்மட்டத்திற்குச் சிறிதே மேலுள்ள தாழ்நிலம். நுவரெலியாவோ 6,128 அடி உயரத்தில் உள்ளது. இச்சாலையிற் பழைய கார் ஒன்றைச் செலுத்துபவர், மேலே செல்லச் செல்ல அதன் வலு குன்றுவதை உணர்வர். பாரம் கூடவில்லை, பெற்றோல் தீரவில்லை, எந்திரமும் பழுதுபடவில்லை. பின் குறைந்தது யாது? காற்றே குறைந்தது.

எந்திரம் பெற்றோலை மட்டும் உண்டு உழைப்பதன்று. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஆடுதண்டு கீழிறங்கும்போது உருளையினுட் புகும் காற்றின் நிறைக்கேற்பவே வலுவும் அமையும். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதினும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயினும், அங்குள்ள குளிர் காற்றைச் சிறிது செறியச் செய்வதால், இழப்பு ஆறில் ஒரு பங்களவில் நின்றுவிடுகின்றது. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான எம். ஜி. ரீ. சி. என்னும் விளையாட்டுக் காரை உதாரணமாகக் கொள்வோம். 1,250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் நான்குருளை எந்திரம் தாழ்நிலத்தில் 54 பரிவலு தரும். நுவரெலியாவிலோ 45 பரிவலு அளவே தரும். வலு மிகுதியாக வேண்டப்படும் ஏற்றத்திலேயே அது குன்றிப்போதல் காண்க.

இக்குறையை நீக்கும் வழி, காற்றைத் தானே புகவிடாது தள்ளிப் புகுத்துதலாகும். கொல்லன் உலைக்களத்திலே துருத்தி செய்யும் தொழிலும் இதுவே. சுப்பர்சார்ஜர் எனப்படும் கருவியும் ஒருவகைத் துருத்தியே. அதனை ஈண்டு மிகையூட்டி என வழங்குவாம். இவ்வுவமை வெறும் அலங்காரமன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றூற்ஸ் சகோதரர் 1860 இற் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, உலைகளுக்குக் காற்றூட்டப் பயன்பட்ட பின்னரே கார் எந்திரத்தில் இடம்பெற்றது. 1921 இல் பேர்லின் கண்காட்சியில் மேர்சிடிஸ் நிறுவனத்தார் மிகையூட்டி பொருத்திய கார்களைக் காட்டினர். ரீ. சி. போன்ற சிறு கார்களுக்கெனச் சொறொக், மார்ஷல் முதலிய பெயர்களில் மிகையூட்டிகள் பின்னர் விற்பனைக்கு வந்தன. எந்திரத்தின் சுழல்தண்டிலிருந்து பட்டியொன்றினால் இயக்கப்படும் இக்கருவி, சுழற்சிதோறும் ஒரே அளவான காற்றை அள்ளி உள்ளே தள்ளுகின்றது.

இதன் பயனைக் கணக்கிட்டு அறியலாம். தாழ்நிலத்தில் வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்திற்கு 14.7 இராத்தல். மிகையூட்டி அதன்மேல் 6 இராத்தல் சேர்க்குமாயின் மொத்தம் 20.7 இராத்தல், அதாவது 1.4 மடங்கு ஆகும். நுவரெலியாவில் வெளியமுக்கம் 11.7 இராத்தல், அதே மடங்கினாற் பெருக்க ஏறக்குறைய 16.5 கிடைக்கும். ஆகவே, கீழே 6 காட்டிய அமுக்கமானி அங்கே 5 இலும் சற்றுக் குறைவாகவே காட்டும். மிகையூட்டி பழுதுற்றதென அஞ்சவேண்டா. அவ்வுயரத்திலும் அவ்வெந்திரம், மிகையூட்டியில்லாத எந்திரம் கடற்கரையிற் பெறுவதினும் கூடிய அமுக்கத்தைப் பெறுகின்றது. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றில் இதன் சிறப்பு எளிதிற் புலனாகும்.

இனி இதன் மறுபுறத்தை நோக்குவாம். காற்றை நெருக்கின் அது சூடேறும். மேற்கூறிய 6 இராத்தலுக்கே வெப்பநிலை ஐம்பது பாகையளவு உயரக்கூடும். சூடான காற்றுச் செறிவு குறைந்தது. மிகையூட்டியைச் சுழற்றவும் எந்திரவலுவில் ஒரு பகுதி செலவாகும். எனவே அமுக்கம் 1.4 மடங்கானால் வலுவும் அவ்வாறே பெருகும் என எண்ணுதல் தவறு. அன்றியும், ரீ. சி. எந்திரத்தின் நெருக்கல் விகிதம் ஏறக்குறைய 7¼. மிகையூட்டி பொருத்தியபின், பருமட்டான கணக்கில், அது 10 இற்கு மேற்பட்டதுபோல் இயங்கும். அந்நிலையில், தீப்பொறியிற் பிறந்த சுவாலை உருளை முழுதும் பரவுமுன்னர், எஞ்சிய கலவை தானே வெடிக்க நேரும். பட்டறையில் ‘நொக்கிங்’ எனப்படும் தட்டொலி இதுவே. அதனைப் பொருட்படுத்தாது ஓட்டின் ஆடுதண்டின் முடி உடையும், அன்றி உருகித் துளைபடும்.

டபிள்யூ. ஓ. பென்ற்லி தம் பெயர் தாங்கிய கார்களுக்கு மிகையூட்டி பொருத்துவதை விரும்பாதிருந்தார். எந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்குவதே தக்கதென்பது அவர் கருத்து. 1930 ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தில், மிகையூட்டி பொருத்திய நாலரை லீற்றர்ப் பென்ற்லிகள் இடையில் விலக, மிகையூட்டியில்லாத ஆறரை லீற்றர்ப் பென்ற்லி வென்றது. எனினும், 1933 இல் அல்ஸ்ரரில் நடைபெற்ற ரூறிஸ்ற் றோபி பந்தயத்தில், மிகையூட்டி பொருத்திய சிறிய எம். ஜி. கே 3 காரைச் செலுத்தி நுவோலாரி வெற்றிபெற்றார். அந்தக் கார் தொடக்கத்திலிருந்தே மிகையூட்டிக்கென ஆக்கப்பட்டது. ஆதலின் குற்றம் கருவியினதன்று. தாங்குவதற்கு ஆயத்தமாகாத எந்திரத்தில் அதனை ஏற்றுதலே குற்றமாகும்.

ஆகவே, பொருத்துமுன் எந்திரத்தை ஆராய்தல் முதற்கடன். நான்கு உருளைகளின் நெருக்கல் அமுக்கத்தையும் அளந்து, அவை தம்முள் ஒத்துள்ளனவா எனக் காணவேண்டும். எண்ணெய் அமுக்கம் சூட்டிலும் நிலைத்திருத்தல் வேண்டும். தலைக் கஸ்கெற் புதியதாகவும், றேடியேற்றர் அடைப்பின்றியும் இருத்தல் வேண்டும். தேய்ந்த எந்திரத்திற்கு மிகையூட்டி மருந்தாகாது. நோயை விரைவுபடுத்துவதே ஆகும்.

பொருத்தும்போது, இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். இன்றேல் பட்டி கழன்றோடும். மிகையூட்டிக்குரிய எண்ணெய் அளவாகச் செல்லவேண்டும். காபரேற்றரை மிகையூட்டிக்கு முன்னே வைப்பது பழைய கார்களிற் பெருவழக்கு. பெற்றோல் ஆவியாகுங்கால் காற்றுச் சிறிது குளிர்தல் அதனால் வரும் நன்மை. ஆயின் மிகையூட்டி முதல் உருளைவரை எரியக்கூடிய கலவையே நிறைந்திருப்பதால், சுவாலை பின்னோக்கிப் பாயின் அமுக்கத்தை வெளிவிடும் தப்புவால்வு ஒன்று இன்றியமையாதது.

இறுதியில் வருவது சீர்செய்தல். பிளக்குகள் முன்னையவற்றினும் குளிர்ந்த வகையினவாக இருத்தல் நன்று. செறிந்த கலவை விரைந்து எரியுமாதலின், தீமூட்டும் நேரத்தைச் சில பாகை பிந்தச் செய்யவேண்டும். இங்குக் கிடைக்கும் பெற்றோலில் 92 ஐ விடுத்து 95 ஒக்ரேனையே கொள்ளவேண்டும். எஸ். யூ. காபரேற்றருக்குக் கலவையைச் செழிப்பாக்கும் ஊசி இடப்படும். பின்னர் முழு உந்தலில் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சை மிதித்துத் தீமூட்டலை உடனே நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கரி படிந்திருப்பின் கலவை மிகைச் செழிப்பு, வெண்மையாயின் மெலிவு, இளங்கபிலமே வேண்டுவது.

இச்சோதனையை எங்கே செய்வது? பலர் வழுவுமிடம் இதுவே. மலையிற் போட்டியிடுபவர் மலையிலேயே சீர்செய்ய விழைதல் இயல்பு. ஆயின் காற்று அருகிய நுவரெலியாவில், எஸ். யூ. காபரேற்றரின் கலவை பத்தில் ஒரு பங்களவு செழித்துவிடும். அதனைக் குறையென்று கருதி அங்கே மெலியச் செய்தவர், மாலையில் அதே காரில் தெஹியோவிட்டவுக்கு இறங்கிவரின், செறிந்த வெப்பக் காற்றும் கூடிய அமுக்கமும் மெலிந்த கலவையும் ஒருங்கே சேரும். மலையுச்சியில் இனிது பாடிய எந்திரம் சமவெளியில் ஆடுதண்டை இழக்கும். ஆதலின் தெஹியோவிட்ட போன்ற தாழ்நிலத்திலே, வெயிலேறிய வேளையிற் சீர்செய்தலே காப்பு. அங்கே தாங்கும் எந்திரம் எங்கும் தாங்கும். போட்டிக்கென மேலே திருகியதை, இறங்குமுன் பழைய நிலைக்கு மீட்டல் வேண்டும்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஏற்றும் பண்டம் எத்துணை மெல்லியதாயினும் அளவு கடப்பின் வண்டி தாங்காது என்பது அங்கே உணர்த்தப்படும் உண்மைகளுள் ஒன்று. காற்றினும் மெல்லிய பண்டம் நாம் எந்த வண்டியில் ஏற்றப்போகின்றோம்? அதற்கும் ஓர் அளவுண்டு. அவ்வளவை அறிந்து ஏற்றுபவர்க்கே எழுபதாண்டு கடந்த பழைய காரும் மலையேறித் திரும்பிவரும்.