இளம் ஹாக்கி வீரர் தெரிவு: சரிந்த புள்ளிகளை மதிப்பிடுவது எப்படி?

எந்த முதலீட்டின் பயனும் எதிர்காலத்தில் கிடைப்பது. அதனை மதிப்பிடக் கையிலுள்ள சான்றுகளோ கடந்த காலத்தைச் சேர்ந்தவை. மனித ஆற்றலில் முதலீடு செய்வோர்க்கு இந்த இடர்ப்பாடு மேலும் பெரிது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் ஆண்டுதோறும் நடத்தும் 'டிராஃப்ட்' எனப்படும் இளம் வீரர் தெரிவு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கு ஹாக்கி எனப்படுவது நம் நாட்டு மைதான ஹாக்கி அன்று. பனித்தளத்தின் மீது சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படும் ஆட்டம்.

1963இல் மான்ட்ரியால் நகரில் தொடங்கிய இத்தெரிவில், இன்று 32 அணிகள் 7 சுற்றுகளில் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆட்டப் பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. தெரிவு பெறுவோரில் பெரும்பாலோர் 18 வயதை ஒட்டியவர்கள். 16 வயதில் பெரும் நம்பிக்கையளித்த ஓர் இளைஞன், தெரிவுக்குரிய ஆண்டில் எதிர்பார்த்த அளவு ஆடவில்லை எனில், அவனை ஒதுக்குவதா, ஏற்பதா? அணிகள் அடிக்கடி சந்திக்கும் வினா இது.

புள்ளிகளின் உள்ளடக்கம்

ஒரு வீரர் அடித்த கோல்களும், பிறர் கோல் அடிக்க உதவியமையும் சேர்ந்ததே அவரது புள்ளிக் கணக்கு. இக்கணக்கு குறைந்ததற்குத் திறன் குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மூத்த வீரர்கள் நிறைந்த அணியில் இளைஞனுக்குக் களத்தில் கிடைக்கும் நேரம் சிறிது. எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியேறியிருக்கும் வேளையில் கோல் வாய்ப்பு மிகுதி. அந்த நேரத்தில் ஆடும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டாமல் போகலாம். உடற்காயமும் ஒரு காரணமாகலாம்.

தற்செயலின் பங்கும் சிறிதன்று. கோலை நோக்கி அடிக்கும் அடிகளின் எண்ணிக்கை குறையாமல், அவற்றுள் கோலாகும் விகிதம் மட்டும் ஒரு பருவத்தில் வீழ்ந்திருப்பின், அவ்வீழ்ச்சி நிலையானது என்று கருத இடமில்லை. மாறாக, அடிக்கும் வாய்ப்புகளே அருகியிருந்தால் அது கவலைக்குரியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மதிப்பீட்டின் முதற்படி.

வயது செய்யும் மாயம்

வட அமெரிக்க வீரர் ஒருவர் செப்டம்பர் 15க்குள் 18 வயதை நிறைவு செய்தால் அவ்வாண்டுத் தெரிவுக்கு உரியவராகிறார். ஆகவே ஒரே தெரிவில் நிற்கும் இருவரிடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு இருக்கக்கூடும். வளரும் பருவத்தில் ஓராண்டு என்பது உயரம், எடை, வலிமை ஆகிய அனைத்திலும் வேறுபாட்டை உண்டாக்குவது. முன்னதாக முதிர்ந்தவனைத் திறன் மிக்கவனாகக் கொள்ளும் பிழை இங்கேதான் நேர்கிறது.

1980 முதல் 2007 வரை தெரிவான கனடிய வீரர்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு இதனை எண்களால் காட்டியது. தெரிவானவர்களில் சனவரி முதல் மார்ச் வரை பிறந்தோர் 36 விழுக்காட்டினர். ஆயின் லீக் ஆட்டங்களில் அவர்கள் பங்கு 28 விழுக்காடு, புள்ளிகளில் 25 விழுக்காடு மட்டுமே. சூலை முதல் டிசம்பர் வரை பிறந்தோர் 34 விழுக்காட்டினராயினும், ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44 விழுக்காட்டை அவர்கள் ஈட்டினர். பின்தங்கியவராகக் கருதப்பட்ட பலர் உண்மையில் வயதில் இளையவர்களே.

இரு படிப்பினைகள்

உயர்ந்த புள்ளிகளும் உறுதியளிப்பதில்லை. 1992-93 பருவத்தில் 53 இளையோர் ஆட்டங்களில் 137 புள்ளிகள் பெற்ற அலெக்சாந்தர் டெய்க்லை 1993இல் ஒட்டாவா அணி முதலிடத்தில் தெரிவு செய்தது. லீக்கில் 616 ஆட்டங்களில் அவர் பெற்றவை 327 புள்ளிகளே. இதற்கு நேர்மாறானவர் லூக் ரோபிட்டாய். சறுக்கும் வேகம் போதாதவர் என்று கருதப்பட்ட அவரை 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் அணி 171ஆம் இடத்தில்தான் எடுத்தது. அதே அணி 69ஆம் இடத்தில் எடுத்த டாம் கிளாவின் பேஸ்பால் ஆடச் சென்றுவிட்டார். ரோபிட்டாய் லீக்கில் 668 கோல்கள் அடித்தார். ஒரு குறையைக் கண்டவர்கள் அதனையே முழு மனிதனாக எண்ணியதன் விளைவு இது.

விலையும் இடரும்

ஆயினும், சரிந்தவர் அனைவரும் மறைந்த மாணிக்கங்கள் என்று கொள்வதும் தவறு. எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதே தெரிவின் விலை. முதற்சுற்றில் பிழை நேர்ந்தால் இழப்பு மிகுதி. அங்கு உறுதிக்கு மதிப்புண்டு. பிற்சுற்றுகளில் இழக்கக்கூடியது சொற்பம், பெறக்கூடியதற்கோ வரம்பில்லை. எனவே காரணம் விளக்கக்கூடிய சரிவுடைய இளைஞனைப் பிற்சுற்றில் ஏற்பது பொருளியல் நோக்கில் அறிவுடைமையாகும். பனித்தளத்தில் வெற்றிடத்தைக் காணும் கண், பந்தயத் தட்டு தன்னிடம் இல்லாதபோது எடுக்கும் முயற்சி, பயிற்சியாளர் சொல்லை ஏற்கும் பாங்கு ஆகியன புள்ளிப் பட்டியலில் இடம்பெறா. நேரில் பலமுறை கண்டே அறிய வேண்டியவை.

வரம்புக்குட்பட்ட இடங்களுக்கு இளையோரைத் தேர்ந்தெடுக்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். ஓராண்டின் மதிப்பெண்ணைப் பார்த்து வாயிலை அடைப்பது எளிது. அந்த எண் எவ்வாறு உருவாயிற்று என்று வினவுவதற்கு உழைப்பும் பொறுமையும் வேண்டும். அவ்வுழைப்பைத் தவிர்ப்பதன் விலையை அணி ஒரு வீரரின் இழப்பாகச் செலுத்துகிறது. இளைஞனோ தன் வாழ்நாள் வாய்ப்பாகவே செலுத்துகிறான்.