கட்டளை வரலாறு (பாஷ் ஷெல்)

கட்டளை வரலாறு என்பது, முனையத்தில் பயனர் தட்டச்சிட்ட கட்டளைகளை ஷெல் வரிசையாகச் சேமித்து, வேண்டும்போது மீண்டும் எடுத்து இயக்க உதவும் வசதியாகும். லினக்சு வழங்கல்கள் பலவற்றில் இயல்பாக அமைந்துள்ள பாஷ் ஷெல்லில் இவ்வசதி உண்டு. நீண்ட கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டச்சிடும் வேலையை இது குறைக்கிறது. அதே வேளையில், கடவுச்சொல் வெளிப்படவும் கோப்புகள் தவறுதலாக அழியவும் இதுவே வழியாகலாம்.

தோற்றம்

யூனிக்சின் தொடக்ககால ஷெல்களில் இவ்வசதி இல்லை. 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல் இதைப் பரவலாக்கியது. வியப்புக்குறியால் பழைய கட்டளையை அழைக்கும் முறை அதில் இருந்தது. குனூ திட்டத்துக்காக பிரையன் பாக்ஸ் எழுதி 1989இல் வெளியான பாஷ், அம்முறையை ஏற்றுக்கொண்டது.

செயல்படும் முறை

கட்டளைகள் முதலில் நினைவகத்தில் சேர்கின்றன. ஷெல்லை விட்டு வெளியேறும்போதுதான் அவை பயனரின் முகப்பு அடைவிலுள்ள மறைகோப்பு ஒன்றில் எழுதப்படுகின்றன. இடையில் மின்சாரம் நின்று கணினி அணைந்தால், அந்த அமர்வின் கட்டளைகள் கிடைப்பதில்லை. பாஷின் இயல்பான எல்லை 500 கட்டளைகள். உபுண்டுவில் இது நினைவகத்துக்கு 1000, கோப்புக்கு 2000 என உயர்த்தப்பட்டுள்ளது. எல்லையைத் தாண்டும்போது பழையவை நீங்கிவிடும்.

மீண்டும் இயக்குதல்

• மேல் அம்புக்குறி விசை: முந்தைய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் காட்டும்.
• ஹிஸ்டரி: கட்டளைகளை எண்களுடன் பட்டியலிடும். அதில் 205ஆவதை இயக்க !205 என இட வேண்டும்.
• !! : கடைசிக் கட்டளையை மீண்டும் இயக்கும். நிர்வாகி அனுமதியின்றித் தோல்வியுற்ற கட்டளையை ‘சூடூ !!’ என இட்டு இயக்கலாம்.
• கண்ட்ரோல் + ஆர்: கட்டளையின் ஏதேனும் ஒரு பகுதியைத் தட்டச்சிட்டுத் தேடலாம். மீண்டும் அழுத்தினால் அதற்கும் முந்தைய பொருத்தம் வரும்.

நிலையாகச் சேமித்தல்

வரலாற்றுக்கு எல்லை இருப்பதால், அன்றாடம் தேவைப்படும் கட்டளையை வேறு வகையில் சேமிப்பதே நல்லது. ஏலியஸ் கட்டளை, நீண்ட கட்டளைக்குச் சிறு பெயர் சூட்டுகிறது. முனையத்தில் நேரடியாக இட்டால் அப்பெயர் அந்த அமர்வு முடியும் வரையே இருக்கும். முகப்பு அடைவிலுள்ள பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினால் புதிய முனையங்களிலும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மாறும் கோப்புப்பெயரைக் கட்டளையின் நடுவே சேர்க்க வேண்டுமெனில் ஏலியஸ் போதாது. ஷெல் செயற்கூறு எழுத வேண்டும். பல படிகள் கொண்ட வேலைக்குத் தனிக்கோப்பாக எழுதும் ஸ்கிரிப்ட் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சிட்ட கடவுச்சொல், மறைகோப்பில் அப்படியே எழுத்தாகப் பதிவாகும். அக்கோப்பையோ அதன் காப்புப்படியையோ திறக்கக்கூடிய எவரும் அதைப் படிக்கலாம். கடவுச்சொல்லைத் தனியே கேட்டுப் பெறும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. உபுண்டுவின் இயல்பு அமைப்பில், இடைவெளியுடன் தொடங்கும் கட்டளை வரலாற்றில் சேர்வதில்லை. ஏற்கெனவே பதிவாகிவிட்டால், அவ்வரியை நீக்குவதோடு கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

வியப்புக்குறியை அடுத்து ஓர் எழுத்தை மட்டும் இட்டால், அவ்வெழுத்தில் தொடங்கும் அண்மைக் கட்டளை உடனே இயங்கும். அது கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையாக இருந்தால், அழிந்தவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. முன்பு ஓர் அடைவில் சரியாக இயங்கிய கட்டளை, வேறோர் அடைவில் வேண்டிய கோப்புகளையே அழித்துவிடவும் கூடும். கண்ட்ரோல் + ஆர் தேடலோ, என்டர் விசையை அழுத்தும் முன் முழுக் கட்டளையையும் காட்டுகிறது. எனவே புதிய பயனர்களுக்கு வியப்புக்குறியைவிட இம்முறையே ஏற்றது.