பழைய வீடு புதிதாகிறது – 9: இடிக்க வருமுன் ஒரு போர்டு

வேலை தொடங்கும் நாளில் இடிக்க வருகிற ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் எங்க சார் எடுக்கறது?" என்பதுதான். வீட்டுக்காரர் கையைக் காட்டும் இடம் பெரும்பாலும் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயின்ட். பிரேக்கர் மெஷினின் ஒயர் முனையில் பிளக் இருக்காது. தோலைச் சீவிய இரண்டு கம்பிகளை ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியை ஒடித்துச் செருகி இறுக்கிவிடுகிறார்கள். மூன்றாவது கம்பியான எர்த் வெட்டி விடப்பட்டிருக்கும், அல்லது அந்த ஒயரில் அது இருந்ததே இல்லை. அடுத்த நான்கைந்து மாதம் டைல்ஸ் கட்டர், வெல்டிங் மெஷின், பாலிஷ் மெஷின் எல்லாமே இந்தத் தீக்குச்சியை நம்பித்தான் ஓடுகின்றன.

சென்ற வாரம் எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்தோம். அந்த இடிப்புக்கும் முன்னால் முடித்துவைக்க வேண்டிய வேலை, மராமத்துக் காலத்துக்கென்று தனி மின்சாரம். பெயின்ட் நிறத்துக்கு இரண்டு வாரம் யோசிப்பவர்கள்கூட இதை "மேஸ்திரி பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரி பார்க்கமாட்டார். அது அவர் தொழிலும் இல்லை.

குடியிருக்கும் வீட்டின் மின்சாரத்துக்கும் வேலை நடக்கும் வீட்டின் மின்சாரத்துக்கும் நடுவே நிற்பது தண்ணீர். கலவை, சுவருக்கு க்யூரிங், டைல்ஸ் வெட்டும்போது ஊற்றும் நீர் என்று தரை காயவே காயாது. வேலை செய்பவர்கள் பாதிப் பேர் வெறுங்காலில் நிற்கிறார்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். காய்ந்த தோல் அதை ஓரளவு தடுக்கும். ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். கணக்குப் போட்டால் உடலுக்குள் பாய்வது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30ஐ ஒட்டி மூச்சு திணறும். 50ஐத் தாண்டிச் சில நொடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் பிழைப்பது அரிது.

போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கத்தான் அதை வைத்திருக்கிறோம். ஆள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது விழாது. எர்த் இருக்கிறதே என்பார்கள். கோடையில் காய்ந்துபோன பழைய எர்த் குழியின் தடை 20 ஓம் இருப்பதாக வையுங்கள். பேஸ் கம்பி மெஷினின் இரும்பு உடம்பில் பட்டால், அந்தக் குழி வழியே ஓடுவது 230ஐ 20ஆல் வகுத்தால் வருகிற 11.5 ஆம்பியர். அப்போதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. மெஷின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே காத்திருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணம்தோறும் ஒப்பிடும். வித்தியாசம் வந்தால், எங்கோ யார் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் வகை அந்த அளவை எட்டுவதற்குள், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்; கசிவு பெரிதானால் இன்னும் விரைவாக. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் வீட்டு இணைப்புகளுக்குக் கேட்பதும் 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத இந்தக் கருவியைத்தான். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அவற்றை நம்பி ஆளை இறக்காதீர்கள். 30 வகைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே ஆள் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் போனது அப்படியே திரும்புவதால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. அதனால்தான் தோல் சீவிய கம்பியும் டேப் சுற்றிய ஜாயின்ட்டும் தளத்தில் இருக்கவே கூடாது.

இப்போது போர்டு. மீட்டருக்கு அடுத்த மெயின் சுவிட்சிலிருந்து நேராக 4 ஸ்கொயர் மூன்று கோர் காப்பர் கேபிள் இழுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் முடிக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் முதலில் டபுள் போல் ஐசோலேட்டர், அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதிலிருந்து பிரிந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனி எம்.சி.பி. நெஞ்சு உயரத்தில், தண்ணீர் தெறிக்காத சுவரில் மாட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் கூரைக்குள்ளேயே இருக்கட்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் சுமார் 3,680 வாட் வரை எடுக்கலாம், பிரேக்கருக்கும் கட்டருக்கும் இது தாராளம். வெல்டிங் மெஷினுக்கு மட்டும் தனியாகக் கேட்டு முடிவுசெய்யுங்கள். மெஷின்களின் ஒயர்களில் மூன்று முள் பிளக் போட்டுத் தருவது வீட்டுக்காரர் செலவாக இருக்கட்டும். பத்து பிளக்குக்கு ஆகும் பணத்தில் மேஸ்திரியோடு பேரம் பேச வேண்டாம். போர்டைப் போடுபவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.களும் உங்கள் புது டி.பி. பாக்ஸுக்குள் போய்விடும், காசு வீணாகாது.

போர்டு வந்ததும் பழைய ஒயரிங் முழுவதும் செத்திருக்க வேண்டும். முப்பது நாற்பது வருட வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்தப் பைப் ஓடுகிறது என்று கட்டியவருக்கே நினைவிருக்காது. காடி வெட்டுகிறவரின் உளி அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

இங்கே பலர் மறக்கும் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் அணையாது. கரண்ட் போய்விட்டதாக நினைத்து, லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை ஊட்டத் தொடங்கும். மெயின் ஆஃப், ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, எல்லாம் செத்தது என்று நம்பி சீலிங் ஒயரை வெட்டுகிறவர் கையில் கிடைப்பது அந்த மின்சாரம். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் வெளியீட்டு ஒயரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். மாடியில் சோலார் இருந்தால் அதை நிறுவியவரை வரவழைத்துத் துண்டியுங்கள். பேனலிலிருந்து இறங்கும் ஒயரில் வெயில் இருக்கும்வரை மின்னழுத்தம் இருக்கும். செத்துவிட்டதா என்று பார்க்க டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. அதன் பல்பு பழுதாக இருந்தாலும் எரியாது, பகல் வெளிச்சத்தில் எரிவதும் தெரியாது. மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வெட்டப்போகும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஈ.பி. ஆபீஸ் விஷயம் சுருக்கமாக. வீட்டு இணைப்பு சலுகைக் கட்டணத்தில் வருவது; கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு என்று தனி வீதம் உண்டு. எவ்வளவு இடிக்கிறீர்கள், புதிதாக எத்தனை சதுர அடி சேர்க்கிறீர்கள் என்று பிரிவு அலுவலகத்தில் சொல்லி, இருக்கும் இணைப்பே போதுமா என்று முன்னதாகக் கேளுங்கள். அனுமதியில்லாத உபயோகம் என்று முடிவானால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இரு மடங்கு கட்ட நேரும். மீட்டரை நகர்த்த வேண்டுமானால் விண்ணப்பம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்; அதன் சீலை யாரும் தொடக்கூடாது.

தினமும் காலையில் முதல் மெஷின் ஓடுமுன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்று கரண்ட் வேலை இல்லை. இடையில் அடிக்கடி விழுந்தால் ஆட்கள் சலித்துக்கொண்டு அதைத் தாண்டி நேராக ஒயர் போடச் சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எந்த மெஷினைச் செருகினால் விழுகிறதோ அந்த மெஷினில்தான் கசிவு. அதைத் தளத்தை விட்டு அனுப்புங்கள். அதிலும் தரை பாலிஷ் போடும் மெஷின்மேல் கண் இருக்கட்டும். இரும்பு உடம்பு, தரையெல்லாம் தண்ணீர், நனைந்து இழுபடும் ஒயர் என்று எல்லா அபாயமும் அங்கே ஒன்றுகூடுகிறது.

யாராவது ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் ஐசோலேட்டரை இறக்க வேண்டும் என்று கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லோருக்கும் போர்டின் முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கட்டடத்திலேயே ஒரு குடும்பம் தங்கி, சமைத்து, குழந்தையைத் தூங்கவைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மாலையில் மெஷின் சாக்கெட்டுகளின் எம்.சி.பி.களை இறக்கிவிட்டு, அவர்களுடைய பல்புக்கும் ஃபேனுக்கும் அதே ஆர்.சி.சி.பி.யின் கீழ் ஒரு தனி எம்.சி.பி. கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்களே எங்கிருந்தாவது ஒரு ஒயரை இழுத்துக்கொள்வார்கள்.

(அடுத்த வாரம்: புது ஒயரிங்குக்குக் காடி வெட்டுமுன் வரைய வேண்டிய படம்)