மின்தடையின்போது எவை இயங்கும், எவை காத்திருக்கும்?

“ஜெனரேட்டர் ஓடுகிறதே, அறையில் ஏசி மட்டும் ஏன் நின்றுவிட்டது?” கோடைமழையும் காற்றும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மின்சாரத்தைத் தடுக்கும் நாள்களில் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோர் ஜெனரேட்டருக்குப் பழகியவர்கள். ஆயினும் மருத்துவமனையில் அதன் அளவை முடிவு செய்யும் முறை சற்று வேறானது.

முதலில் கருவிகளை மூன்றாகப் பிரிக்கிறோம். வென்டிலேட்டர், மானிட்டர், அறுவை அரங்க விளக்கு ஆகியவை ஒரு நொடியும் நிற்கக் கூடாது. ஜெனரேட்டர் இயங்கி மின்சாரம் தரச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியை யுபிஎஸ் தாங்குகிறது. மருத்துவக் காற்றுக் கம்ப்ரஸர், இரத்தம் மற்றும் மருந்துகளுக்கான குளிர்ப்பெட்டிகள், லிஃப்ட் ஆகியவை அடுத்து இணைகின்றன. அறை ஏசி, வெந்நீர்க் கருவி, சலவை எந்திரம் ஆகியவை காத்திருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, முதல் இரு பிரிவுகளின் தேவை 90 கிலோவாட் என்க. ஜெனரேட்டரின் அளவு கேவிஏ என்று குறிக்கப்படுகிறது. அதில் பொதுவாக 80 விழுக்காடே கிலோவாட்டாகக் கிடைக்கும். எனவே 112.5 கேவிஏ தேவை. லிஃப்ட், கம்ப்ரஸர் மோட்டார்கள் நேரடியாகத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்காகவும் நாளைய தேவைக்காகவும் 25 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 140 ஆகிறது. சந்தையில் கிடைக்கும் 160 கேவிஏ பொருந்தும். மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கச் செய்வதும் அவசியம்.

பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். டீசல் எஞ்சின் நெடுநேரம் மிகக் குறைந்த சுமையில் ஓடினால், எரியாத எரிபொருளும் கரியும் படிந்து, தேவையான வேளையில் தடுமாறும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2019 மே மாதம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்தடையின்போது, செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஐந்து நோயாளிகள் இறந்தனர். ஜெனரேட்டர் இயங்கவில்லை என்று உறவினர்கள் கூறினர். இறப்புகளுக்கு மின்தடை காரணமன்று என்று மருத்துவமனை மறுத்தது. எவ்வாறாயினும், உண்மையான சுமையைக் கொடுத்து முறையாகச் சோதிக்காத ஜெனரேட்டரை நம்புவதற்கில்லை.

இதில் உங்கள் பங்கும் உண்டு. படுக்கையருகே உள்ள மருத்துவக் கருவிகளுக்கான பிளக்கில் கெட்டிலையோ கைப்பேசியையோ செருகாதீர்கள்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருடன் வீடு திரும்புவோர் இதே கணக்கை வீட்டிலும் போடுங்கள். ஐந்து லிட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருப்பினும் முழுவதும் கைக்கு வராது. புதிய பேட்டரியானாலும் மூன்று மணி நேரத்திற்கு மேல் நம்ப வேண்டா. கருவி தொடங்கும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தை இன்வெர்ட்டர் தாங்குமா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். 1,500 லிட்டர் கொண்ட நிரம்பிய பி-வகை சிலிண்டர், நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். ஒன்றை அருகில் வைத்திருங்கள். சிறிய ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டினுள் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

வீடு திரும்பும் நாளில், சிலிண்டருக்கு மாற்றும் முறையைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.